ஆர்.கே.நகர் விலைபோன தொகுதியல்ல

தமிழ்நாட்டில் எங்கே இடைத்தேர்தல் வந்தாலும் இரண்டு ஊர்ப் பெயர்கள் வசவுபோல உச்சரிக்கப்படுகின்றன. ஒன்று, 2009 ஜனவரியில் இடைத்தேர்தல் கண்ட திருமங்கலம். இன்னொன்று, 2017-இல் ஒரே ஆண்டில் இரண்டு முறை தேர்தல் அறிவிக்கப்பட்ட ஆர்.கே.நகர். “ஆர்.கே.நகர் மாதிரி ஆகிவிடும்” என்று தொலைக்காட்சி விவாதத்தில் ஒருவர் சொன்னால், எதிரே இருப்பவர் விளக்கம் கேட்பதில்லை. காசு வாங்கிக்கொண்டு ஓட்டுப் போட்ட ஊர் என்றுதான் எல்லோரும் புரிந்துகொள்கிறார்கள்.

இந்த முத்திரை அநியாயமானது. சென்னையின் வடகோடியில் கடலுக்கும் ரயில் பாதைக்கும் எண்ணெய்க் குழாய்களுக்கும் குப்பைமேட்டுக்கும் நடுவே வாழும் லட்சக்கணக்கான மக்களை ஒற்றைச் சொல்லில் ஒதுக்கிவிடும் முத்திரை அது. இந்தத் தொகுதி பிறந்த 1977 முதல் 2021 வரை அதன் வாக்காளர்கள் என்ன தீர்ப்புகளைச் சொல்லியிருக்கிறார்கள் என்று பொறுமையாகப் பார்த்தால் வேறொரு சித்திரம் கிடைக்கும். பணத்தோடு இங்கே வந்தவர்கள் யார், அவர்களைச் சட்டம் என்ன செய்தது, தண்டனையை யார் அனுபவித்தார்கள் என்ற கேள்விகளும் அதிலிருந்தே எழும்.

பதின்மூன்று தீர்ப்புகள்

டாக்டர் ராதாகிருஷ்ணன் நகர் என்பது தொகுதியின் முழுப் பெயர். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, புதுவண்ணாரப்பேட்டை, காசிமேட்டின் ஒரு பகுதி என்று விரிகிறது. மீனவர்கள், துறைமுகத்தையும் மணலி, எண்ணூர் தொழிற்சாலைகளையும் நம்பியிருக்கும் தொழிலாளர்கள், தினக்கூலிகள், சிறு வியாபாரிகள், வீட்டுவேலைக்குப் போகும் பெண்கள் என உழைத்தால்தான் அடுப்பெரியும் குடும்பங்களே இங்கு அதிகம். வடசென்னை என்றால் திமுக கோட்டை என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால், இந்தத் தொகுதியின் கணக்கு அதற்கு ஒத்துவராது.

2021 வரை இங்கே 11 பொதுத்தேர்தல்களும் 2 இடைத்தேர்தல்களும் முழுமையாக நடந்து முடிந்திருக்கின்றன. இந்தப் பதின்மூன்றில் அதிமுக ஏழு முறையும் திமுக மூன்று முறையும் காங்கிரஸ் இரண்டு முறையும் சுயேச்சை ஒருமுறையும் வென்றிருக்கிறார்கள்.

முதல் தேர்தலில் எம்.ஜி.ஆர். அலையில் நாடக, திரைப்பட நகைச்சுவை நடிகர் ஐசரி வேலன் வென்றார். 1980-இல் மாநிலம் மீண்டும் எம்.ஜி.ஆரிடம் போனபோது, இந்தத் தொகுதி திமுக அணியில் நின்ற காங்கிரஸின் ராஜசேகரனைத் தேர்ந்தெடுத்தது. 1984-இல் காங்கிரஸ் அதிமுகவோடு சேர்ந்தது. அப்போது வென்றவர் காங்கிரஸின் வேணுகோபால். நான்காண்டு இடைவெளியில், முதலில் உதயசூரியனின் தோளிலும் பிறகு இரட்டை இலையின் தோளிலும் ஏறிக் காங்கிரஸ் இங்கே கரைசேர்ந்தது.

எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பின் அதிமுக இரண்டாகப் பிளந்து, இரட்டை இலை முடக்கப்பட்டு, சேவலும் இரட்டைப் புறாவும் மோதிக்கொண்ட 1989 தேர்தலில் திமுகவின் எஸ்.பி.சற்குணபாண்டியன் வென்றார். ஒரு பெண்ணைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது இந்தத் தொகுதிக்கு அதுவே முதல்முறை. 1991-இல் ராஜீவ் காந்தி படுகொலைக்குப் பின் வீசிய அனுதாப அலையில் அதிமுகவின் மதுசூதனன் வென்று அமைச்சரானார். 1996-இல் அந்த ஆட்சியின் மீதான கோபம் மாநிலம் முழுக்க வெடித்தபோது சற்குணபாண்டியன் மறுபடியும் வந்தார், அவரும் அமைச்சரானார். 2001-இலும் 2006-இலும் அதிமுக சார்பில் பி.கே.சேகர்பாபு. அதில் 2006 கவனிக்க வேண்டிய ஆண்டு. திமுக ஆட்சியைப் பிடித்த அந்தத் தேர்தலில், அதன் கோட்டை எனப்பட்ட வடசென்னையின் இந்த மூலை இரட்டை இலையோடு நின்றது.

2011-இல் நடந்தது இன்னும் முக்கியமானது. தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்பு சேகர்பாபு திமுகவில் சேர்ந்து, அதே தொகுதியில் உதயசூரியன் சின்னத்தில் நின்றார். மறுசீரமைப்பில் தொகுதி எல்லைகள் மாறியிருந்தன என்பது உண்மை. என்றாலும், பத்தாண்டு எம்.எல்.ஏ.வாகத் தெருத்தெருவாக அறிமுகமான அவரைப் புதிதாக வந்த அதிமுகவின் பி.வெற்றிவேல் 31,000-க்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்தார். ஆளை விரும்பினாலும் கட்சி மாறியதை ஏற்க மாட்டோம் என்று வாக்காளர் சொன்னதாகவே அதைப் படிக்க முடியும். சேகர்பாபு பிறகு பக்கத்திலுள்ள துறைமுகம் தொகுதிக்குப் போய் அங்கே வென்றார்.

பதினொரு பொதுத்தேர்தல்களில் 1980, 2006 தவிர மற்ற ஒன்பதிலும் மாநிலத்தில் ஆட்சியமைத்த அணிக்கே ஆர்.கே.நகர் வாக்களித்திருக்கிறது. யாருக்கும் நிரந்தரமாக எழுதிக்கொடுக்காத தொகுதி இது. கட்சிகள் உடைந்ததை, கூட்டணிகள் மாறியதை, தலைவர்கள் மறைந்ததை, ஆட்சிகள் ஆணவம் கொண்டதை ஒவ்வொரு முறையும் எடைபோட்டு வந்திருக்கிறது.

முதல்வரின் தொகுதி

2015-இல்தான் ஆர்.கே.நகர் நாடு முழுக்கத் தெரிந்த பெயரானது. சொத்துக்குவிப்பு வழக்கில் 2014 செப்டம்பரில் தண்டிக்கப்பட்டு, ஸ்ரீரங்கம் தொகுதியையும் முதல்வர் பதவியையும் இழந்த ஜெயலலிதாவை 2015 மே 11 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் விடுவித்தது. மீண்டும் முதல்வரான அவர் ஆறு மாதத்துக்குள் சட்டமன்ற உறுப்பினராக வேண்டும். அவருக்காக வெற்றிவேல் பதவி விலகினார். போடிநாயக்கனூர், பர்கூர், காங்கேயம், ஆண்டிபட்டி, ஸ்ரீரங்கம் என்று மாநிலமெங்கும் நின்ற ஜெயலலிதா, சென்னைக்குள் போட்டியிட்டது அப்போதுதான் முதல்முறை. கருணாநிதி சைதாப்பேட்டை, அண்ணாநகர், துறைமுகம், சேப்பாக்கம் என்று நகரத்தையே தன் களமாகக் கொண்டிருந்தவர். அந்த நகரத்தில் ஜெயலலிதா பாதுகாப்பானது என்று தேர்ந்தெடுத்த இடம், மயிலாப்பூரோ தியாகராய நகரோ அல்ல, உழைப்பாளிகளின் ஆர்.கே.நகர்.

திமுக, காங்கிரஸ், பாமக, மதிமுக போன்ற கட்சிகள் அந்த இடைத்தேர்தலில் நிற்கவில்லை. எதிர்த்து நின்றவர்களில் முக்கியமானவர் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் சி.மகேந்திரன். ஜெயலலிதா 1,60,432 வாக்குகள் பெற்றார், மகேந்திரன் 9,710. வித்தியாசம் ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது.

அடுத்த பொதுத்தேர்தல் பதினோரு மாதத்திலேயே வந்துவிட்டது. அதே தொகுதி, அதே முதல்வர், அதே சின்னம். 2016 மே மாதம் ஜெயலலிதாவுக்கு 97,218 வாக்குகள். திமுகவின் சிம்லா முத்துச்சோழனுக்கு 57,673. வித்தியாசம் 39,545. இடையில் 2015 டிசம்பரின் பெருவெள்ளம் சென்னையைப் புரட்டிப்போட்டிருந்தது. எதிர்க்கட்சி களத்துக்கு வந்ததும், மக்கள் தங்கள் மனத்தாங்கலை வாக்கில் காட்டினார்கள். ஆனாலும், மாற்று வேண்டாம் என்ற முடிவில் பெரும்பான்மை உறுதியாக நின்றது. முதல்வரின் தொகுதியாயிற்றே என்று கண்ணை மூடிக்கொண்டு வாக்களித்த ஊர் இல்லை என்பதற்கு இந்த இரு எண்களே போதும்.

அந்தத் தேர்தலில் இன்னொரு சிறப்பும் உண்டு. ஜெயலலிதா, சற்குணபாண்டியனின் மருமகளும் வழக்கறிஞருமான சிம்லா முத்துச்சோழன், விடுதலைச் சிறுத்தைகள் சார்பில் நின்ற முன்னாள் துணைவேந்தர் வே.வசந்திதேவி என மூன்று முக்கிய அணிகளும் பெண்களையே நிறுத்தியிருந்தன. பெண்களுக்குச் சீட்டுக் கொடுத்தால் ஜெயிக்க முடியாது என்று இன்றைக்கும் சாக்குச் சொல்லும் கட்சிகள் இந்தத் தொகுதியின் வரலாற்றைப் படிக்க வேண்டும். பதின்மூன்று முறையில் நான்கு முறை, இரு கட்சிகளைச் சேர்ந்த பெண்கள் இங்கிருந்து சட்டமன்றம் போயிருக்கிறார்கள்.

எம்.எல்.ஏ. இல்லாத ஓராண்டு

2016 டிசம்பர் 5 அன்று ஜெயலலிதா மறைந்தார். தொகுதி காலியானது. ஏழே நாளில் வர்தா புயல் சென்னையைத் தாக்கியது. மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து, குடிசைகளின் கூரைகள் பறந்து, வடசென்னை பல நாள் இருட்டில் கிடந்தது. அடுத்த மாதம், 2017 ஜனவரி 28 அன்று, எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியது. கரையில் ஒதுங்கிய கரிய கசடைத் தொழிலாளர்களும் தன்னார்வலர்களும் வாளியால் அள்ளியதை நாடே பார்த்தது. எண்ணெய் பட்ட மீன் என்று வாங்குவோர் தயங்க, காசிமேட்டில் வியாபாரம் படுத்தது. அந்தக் கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, குடிநீர் லாரிக்குப் பின்னால் குடங்கள் வரிசை கட்டின.

இவ்வளவும் நடந்தபோது, இந்த மக்களுக்குச் சட்டமன்றத்தில் எழுந்து பேச ஓர் உறுப்பினர் இல்லை. நிவாரணப் பட்டியலில் பெயர் விட்டுப்போனால் யாரிடம் போவது, தொகுதி மேம்பாட்டு நிதியில் ஒரு குடிநீர்த் தொட்டி கேட்க வேண்டுமென்றால் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாத நிலை. வசதியானவர்களுக்கு எம்.எல்.ஏ. இல்லாதது ஒரு குறையாகத் தெரியாது. ரேஷன் அட்டைக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் பட்டாவுக்கும் மருத்துவமனைப் பரிந்துரைக்கும் அலையும் குடும்பங்களுக்கு அந்தக் காலியிடம் அன்றாடத் தொல்லை.

காலியான இடத்தை ஆறு மாதத்துக்குள் நிரப்ப வேண்டும் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். அதன்படி 2017 ஏப்ரல் 12 அன்று வாக்குப்பதிவு என்று அறிவிக்கப்பட்டது. அதற்குள் அதிமுக மறுபடியும் பிளந்திருந்தது. மார்ச்சில் இரட்டை இலை முடக்கப்பட்டது. டி.டி.வி.தினகரன் தொப்பி சின்னத்திலும், ஓ.பன்னீர்செல்வம் அணியில் மதுசூதனன் இரட்டை மின்கம்பம் சின்னத்திலும், திமுகவில் மருதுகணேஷ் உதயசூரியன் சின்னத்திலும் நின்றார்கள். கட்சி யாருக்கு, ஆட்சி யாருக்கு, அம்மாவின் வாரிசு யார் என்ற வழக்கையெல்லாம் தீர்க்கும் மன்றமாக இந்தச் சிறிய தொகுதியை மாற்றிவிட்டார்கள். மாநிலத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் நிர்வாகிகள் வந்து குவிந்தார்கள். கல்யாண மண்டபங்களும் விடுதிகளும் நிரம்பின. பணப் பட்டுவாடா என்ற சொல் தினமும் தலைப்புச் செய்தியானது. சென்னையின் காவல் ஆணையரே மாற்றப்பட்டார்.

ஏப்ரல் 7 அன்று சுகாதாரத் துறை அமைச்சர் சி.விஜயபாஸ்கரின் வீடு உள்ளிட்ட இடங்களில் வருமான வரித் துறை சோதனை நடத்தியது. அப்போது கிடைத்ததாக வெளியான தாள்களைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். அதில் இருந்தது ஒரு பெருக்கல் கணக்கு: 2,24,145 வாக்காளர்கள், தலைக்கு 4,000 ரூபாய், மொத்தம் சுமார் 89 கோடியே 65 லட்சம். தொகுதி பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பகுதிக்கும் அமைச்சர்கள், நிர்வாகிகள் என்று பொறுப்பாளர்களின் பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. ஒரு வேட்பாளர் சட்டப்படி செலவழிக்கக்கூடிய தொகை அப்போது 28 லட்சம். தாளில் இருந்த தொகை அதைப்போல 300 மடங்குக்கும் மேல். அமைச்சர் இந்தக் குற்றச்சாட்டை மறுத்தார். வாக்குப்பதிவுக்கு மூன்று நாள் இருக்கும்போது, ஏப்ரல் 9 நள்ளிரவையொட்டித் தேர்தல் ஆணையம் தேர்தலையே ரத்து செய்தது.

ரத்து செய்ததில் தவறில்லை. அதன் பிறகு நடந்தவைதான் வேதனை. ஆறு மாதக் கெடு ஜூனில் முடிந்தது, தேர்தல் வரவில்லை. வாக்காளர் பட்டியலில் போலிப் பெயர்கள் இருப்பதாகத் திமுக நீதிமன்றம் போனது. 45,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் நீக்கப்பட்டன. அந்த ஆண்டு முடிவதற்குள் தேர்தலை நடத்துமாறு உயர் நீதிமன்றம் சொன்ன பிறகே டிசம்பர் 21 என்று தேதி குறித்தார்கள். அதுவரை தொகுதி அநாதையாகக் கிடந்தது.

நான்கு இயந்திரங்கள், அறுபது பொத்தான்கள்

டிசம்பர் தேர்தலில் களத்தில் நின்றவர்கள் 59 பேர். ஏப்ரலில் தேர்தல் ரத்தாகக் காரணமான களத்தின் மூன்று முக்கிய வேட்பாளர்களும் அதில் இருந்தார்கள். நவம்பரில் இரட்டை இலை எடப்பாடி பழனிசாமி – பன்னீர்செல்வம் அணிக்குக் கிடைத்ததால் மதுசூதனன் அந்தச் சின்னத்தில் நின்றார். சுயேச்சையாக நின்று தொப்பி கேட்ட தினகரனுக்குக் குக்கர் கிடைத்தது. அது கிடைத்தபோது வாக்குப்பதிவுக்கு இரண்டு வாரமே மிச்சம்.

வாக்குச்சாவடிக்குள் நுழைந்த ஒருவர் என்ன பார்த்திருப்பார்? ஒரு வாக்குப்பதிவு இயந்திரத்தில் பதினாறு பொத்தான்கள்தான். 59 வேட்பாளர்களுக்கும் நோட்டாவுக்குமாகச் சேர்த்து நான்கு இயந்திரங்கள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. சட்டப்படி அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளின் வேட்பாளர்கள் முன்னால் வருவார்கள். பழகிய இரட்டை இலையும் உதயசூரியனும் முதல் இயந்திரத்திலேயே கண்ணில் படும். சுயேச்சைகள் கடைசியில். குக்கருக்கு வாக்களிக்க வேண்டுமென்றால் பழகிய இரண்டு சின்னங்களையும் கடந்து, அடுத்தடுத்த இயந்திரங்களில் வரிசையாக வரும் அறிமுகமில்லாத சின்னங்களுக்கு நடுவே தேட வேண்டும். தேடி அழுத்தியவர்கள் 89,013 பேர்.

மதுசூதனனுக்கு 48,306 வாக்குகள். மருதுகணேஷுக்கு 24,651, திமுக டெபாசிட் இழந்தது. பாஜகவுக்கு 1,417 வாக்குகள். நோட்டாவுக்கு விழுந்ததோ 2,373. வாக்களித்தவர்கள் 77 விழுக்காட்டுக்கும் மேல். ஒப்பிட்டுச் சொன்னால், 2021 பொதுத்தேர்தலில் சென்னை மாவட்டம் 60 விழுக்காட்டைத் தொடவில்லை.

இந்த முடிவைப் பணத்தின் வெற்றி என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். 20 ரூபாய் நோட்டை டோக்கனாகக் கொடுத்துவிட்டு, தேர்தலுக்குப் பின் பணம் தருவதாக வாக்குறுதி தரப்பட்டது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. தினகரன் தரப்பு மறுத்தது. மற்ற தரப்பின் மீதும் பட்டுவாடாப் புகார்கள் குவிந்தன. எல்லோரும் கொடுத்தார்கள் என்பது உண்மையானால், பணம் மட்டுமே முடிவைத் தீர்மானித்தது என்று எப்படிச் சொல்ல முடியும்? ஆட்சி, காவல் துறை, அமைச்சர் பட்டாளம், இரட்டை இலை ஆகிய நான்கும் ஒரே பக்கம் இருந்தும் அந்தப் பக்கம் 40,707 வாக்குகளில் தோற்றது. 2016-இல் 57,673 பெற்ற திமுக பாதிக்கும் கீழே போனதற்கு, ஆள்வோரைத் தோற்கடிக்க வல்லவர் யார் என்று பார்த்து எதிர்ப்பு வாக்குகள் ஒருபக்கம் திரண்டதும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன். மாநில அரசு டெல்லிக்கு வளைந்து கொடுக்கிறது என்ற எரிச்சல் அப்போது தமிழகமெங்கும் இருந்தது. நோட்டாவுக்குக் கீழே போன பாஜகவின் எண் அதைச் சொல்கிறது.

பணத்துக்கு விசுவாசம் உண்டென்றால் அது அடுத்த தேர்தலிலும் தெரிந்திருக்க வேண்டும். 2018 மார்ச்சில் தினகரன் அமமுகவைத் தொடங்கினார். 2019 மக்களவைத் தேர்தலில் ஆர்.கே.நகரையும் உள்ளடக்கிய வடசென்னையில் திமுக 4.6 லட்சம் வாக்கு வித்தியாசத்தில் வென்றது. 2021-இல் தினகரன் இந்தத் தொகுதியை விட்டுக் கோவில்பட்டிக்குப் போய் அங்கே தோற்றார். ஆர்.கே.நகரில் திமுகவின் ஜே.ஜே.எபினேசர் 42,000-க்கும் அதிகமான வித்தியாசத்தில் வென்றார். டெபாசிட் போன கட்சியை நாலே ஆண்டில் தூக்கி நிறுத்தியவர்களும் இதே வாக்காளர்கள்தான். வாங்கப்பட்ட மனம் இப்படி நடந்துகொள்ளாது.

சட்டம் யாரைத் தண்டித்தது?

ஓட்டுக்குப் பணம் வாங்குவது சரியென்று நான் வாதிட வரவில்லை. வாங்குவதும் குற்றம்தான், சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. ஆனால், 4,000 ரூபாய் என்பது கூலிக்காரக் குடும்பத்துக்குப் பல நாள் வருமானம். தெரு முழுக்கக் கொடுத்துவிட்டு, “உங்கள் வீட்டுக்கு இவ்வளவு” என்று வட்டச் செயலாளரே வாசலில் வந்து நிற்கும்போது, வேண்டாம் என்று சொல்பவர் எதிரணியாகக் குறிக்கப்படுவார். நாளைக்குத் தெருவிளக்குக்கும் சான்றிதழுக்கும் அதே ஆளிடம்தான் போக வேண்டும். கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையிலுள்ள இந்த அதிகார ஏற்றத்தாழ்வைப் பார்க்காமல் இருவரையும் ஒரே தராசில் வைப்பது நியாயமாகாது.

சட்டம் நடைமுறையில் அதைவிட மோசமாக நடந்துகொண்டது. தேர்தல் ரத்தானதால் வேட்பாளர் எவருக்கும் எதுவும் ஆகவில்லை. அவர்கள் மறுபடியும் நின்றார்கள். பட்டுவாடா பற்றிப் பதிவான முதல் தகவல் அறிக்கை உயர் நீதிமன்றத்தால் ரத்து செய்யப்பட்டுவிட்டது என்பது 2018 முடிவில்தான் வெளியே தெரிந்தது. ஓராண்டுக்கும் மேல் பிரதிநிதி இல்லாமல் இருந்த வாக்காளர் மட்டுமே நிஜமான தண்டனை அனுபவித்தார்.

ஆர்.கே.நகர் தனியொரு உதாரணமில்லை. 2016 மே மாதம் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் சட்டமன்றத் தேர்தல்களும், 2019 ஏப்ரலில் வேலூர் மக்களவைத் தேர்தலும் பணப் புழக்கத்தால் ரத்தாயின. பிறகு அங்கெல்லாம் தேர்தல் நடந்தபோது, முன்பு களத்தில் இருந்த முக்கிய வேட்பாளர்களே திரும்ப வந்தார்கள். கட்சிகளைப் பொறுத்தவரை, பிடிபட்டால் செலவு இருமடங்காகும் என்பதைத் தவிர வேறு நஷ்டமில்லை.

வாக்குச்சாவடியைக் கைப்பற்றினால் தேர்தலை ரத்து செய்யும் அதிகாரத்தை 1989-இல் சேர்க்கப்பட்ட 58-ஏ பிரிவு தேர்தல் ஆணையத்துக்குத் தருகிறது. பணத்துக்கு அப்படித் தனிப்பிரிவு கிடையாது; அரசியல் சாசனத்தின் 324-ஆவது கூறில் உள்ள பொது அதிகாரத்தை வைத்தே ஆணையம் இந்த ரத்துகளைச் செய்தது. பணப் பட்டுவாடாவுக்கும் வெளிப்படையான சட்டப்பிரிவு வேண்டும் என்று 2016-இல் ஆணையம் கேட்டது. மத்திய அரசு ஏற்கவில்லை. லஞ்சம் கொடுத்து வாக்குக் கேட்பதற்கு அதிகபட்சம் ஓராண்டுச் சிறை. அதுவும் நடுவர் அனுமதி இல்லாமல் காவல் துறை விசாரிக்க முடியாத வகைக் குற்றம். இந்திய தண்டனைச் சட்டம் போய் புதிய நியாய சன்ஹிதா வந்த பிறகும் இது மாறவில்லை. வேட்பாளரின் செலவுக்கு வரம்பு உண்டு. கட்சியின் செலவுக்கு வரம்பே கிடையாது.

செய்ய வேண்டியவை

முதலாவது, பணப் பட்டுவாடாவால் ஒரு தேர்தல் ரத்தானால், முதற்கட்ட ஆதாரம் கிடைத்த வேட்பாளரும் அவரை நிறுத்திய கட்சியும் அந்த மறுதேர்தலில் நிற்கத் தடை வேண்டும். தங்கள் தரப்பைச் சொல்ல அவர்களுக்கு உரிய வாய்ப்புத் தந்து, உயர் நீதிமன்ற அமர்வு ஒன்று குறுகிய கெடுவுக்குள் அதை முடிவு செய்யலாம். கட்சிக்கே தடை என்ற அச்சம் இருந்தால்தான் தலைமை தன் ஆட்களைக் கட்டுப்படுத்தும்.

இரண்டாவது, வாக்குக்கு லஞ்சம் தருவதைக் காவல் துறை நேரடியாக வழக்குப் பதிந்து விசாரிக்கக்கூடிய குற்றமாக்க வேண்டும். வாங்கியவர் தானே முன்வந்து புகார் சொன்னால் அவருக்குத் தண்டனையிலிருந்து விலக்குத் தர வேண்டும். அப்போதுதான் கொடுத்தவரைக் காட்டிக்கொடுக்க யாருக்காவது துணிவு வரும்.

மூன்றாவது, ரத்தான தேர்தல் அறுபது நாளுக்குள் மறுபடியும் நடந்தாக வேண்டும். பட்டியலைச் சரிபார்ப்பது ஆணையத்தின் வேலை. அதற்காக மக்கள் பிரதிநிதித்துவத்தை இழக்கக் கூடாது.

நான்காவது, கட்சிகளின் செலவுக்கு வரம்பு. இடைத்தேர்தல் என்றால் அமைச்சரவையே ஒரு தொகுதியில் முகாமிடும் வழக்கத்துக்கும் முடிவு கட்ட வேண்டும். அமைச்சர்கள் வார்டு பிரித்துக்கொண்டு வாசல் வாசலாக நிற்கும் தேர்தலில், அரசு எந்திரம் நடுநிலையாக இருக்கிறது என்று யார் நம்புவார்கள்?

இவை இல்லாமல் வாக்காளருக்கு மட்டும் விழிப்புணர்வு ஊர்வலம் நடத்துவதில் பயனில்லை. ஆர்.கே.நகர் மக்கள் கேட்டுக்கொண்டிருப்பது பெரிதாக ஒன்றுமில்லை. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் ஆட்டோவுக்குள் நோயாளியை வைத்துக்கொண்டு காத்திருக்காத ஒரு நாள். கண்டெய்னர் லாரிக்குப் பயப்படாமல் பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் சாலை. 2013-இல் எண்ணெய்க் குழாய்க் கசிவால் தண்டையார்பேட்டையின் நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்ததுபோல இனி நடக்காது என்ற உத்தரவாதம். கொடுங்கையூர் குப்பைக் கிடங்கின் புகையும் நாற்றமும் இல்லாத காற்று. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் தண்டையார்பேட்டை வழியாக விம்கோ நகர் வரை நீண்டது, கேட்டால் கிடைக்கும் என்பதற்குச் சான்று. மற்ற கோரிக்கைகளை ஒவ்வொரு பிரசாரத்திலும் ஒவ்வொரு கட்சியும் ஒப்புக்கொண்டுதான் வந்திருக்கிறது.

அந்த ஒப்புதல்கள் செயலாகாததால்தான் தேர்தல் நேரத்துப் பணம் சிலருக்கு, கைக்குக் கிடைக்கும் ஒரே உறுதியான பலனாகத் தெரிகிறது. நல்ல தண்ணீரும் சாலையும் மேம்பாலமும் உரிமையாகக் கிடைக்கும் ஊரில் 4,000 ரூபாய்க்கு அந்த மதிப்பு இருக்காது. ஆகவே, ஆர்.கே.நகரைக் கேலிப் பெயராக்கியவர்கள் முதலில் கட்சி அலுவலகங்களை நோக்கிக் கேள்வி கேட்கட்டும். பிறகு நாடாளுமன்றத்தை நோக்கி. பதின்மூன்று முறை தன் முடிவைத் தானே எடுத்த தொகுதி இது. நேர்மையான தேர்தலை அதற்குத் தர வேண்டியது நம் கடன்.